விநாயகருக்குகந்த அறுகு: இரணைமடுச் சூழலில் ஒரு நோக்கு

ஆனைமுகப் பெருமானின் அருச்சனைப் பொருள்களுள் முதலிடம் பெறுவது அறுகம்புல். அனலாசுரனை விழுங்கியதால் உண்டான வெப்பந் தணிய முனிவர்கள் 21 அறுகு சாத்தினர் என்பது புராண வரலாறு. சாணத்திற் பிள்ளையார் பிடித்து அறுகு குத்துவதும், மணமக்களுக்குப் பாலறுகு வைப்பதும், அறுகரிசி இடுவதும் ஈழத்துச் சைவ மக்களின் வழிவழி வந்த வழக்கங்கள்.

இதன் தாவரவியற் பெயர் சைனோடன் டக்டைலோன். நாய்ப்பல், விரல் எனும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களின் அடியாகப் பிறந்தது. கதிர்கள் மூன்று முதல் ஏழு வரை விரல்போல விரியும். வேறு சில புற்களும் இவ்வாறே கதிர் விடுவதால், கதிரை மட்டும் நம்பிப் பறிப்பது சரியன்று. கோரையை அறுகென்று கொண்டுவருவோரும் உளர்! கோரைத் தண்டை விரலிடையில் உருட்டினால் மூன்று விளிம்பு தெரியும். அறுகு அப்படியல்ல; தரையோடு ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடும். நிலத்தடியிலும் தண்டு ஓடும்.

அந்த நிலத்தடித் தண்டுதான் அதன் உயிர்நிலை. கோடையில் மேற்புல் கருகினாலும் மாரி மழையுடன் மீண்டும் துளிர்க்கும். சில நாள் வெள்ளத்தில் மூழ்கினாலும் அழியாது. தாங்காதது நிழலையே. எனவே காட்டினுள் இதனைத் தேடிப் பயனில்லை. கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் கட்டத் தொடங்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் கட்டுச் சரிவு, வாய்க்காற் கரை, வயல் வரம்பு, நீர் வற்றும் அலைகரை, ஆலய வீதி போன்ற வெளியான இடங்களே அதற்கு ஏற்றவை. 2008 இன் பிற்பகுதியில் இடம்பெயர்ந்த மக்கள் திரும்பும்வரை பற்றை மூடிக் கிடந்த காணிகளில் அறுகு ஒடுங்குவது இயல்பு. பற்றை வெட்டி வெயில் பட்டால் எஞ்சிய தண்டிலிருந்து மீண்டும் படரும்.

வயலுக்குள் அறுகு களைதான். கமக்காரன் அதைச் சபிப்பதில் நியாயமுண்டு. ஆனால் வரம்பிலே மண்ணைப் பிடித்து நிற்பதும் அதே அறுகு. வரம்புக்கும் களைநாசினி அடித்தால் மாரியில் வரம்பு கரையும். கிளைபோசேற் 2015 இல் தடைசெய்யப்பட்டு, 2018 இல் தேயிலை, இறப்பர்ச் செய்கைகளுக்கு அனுமதிக்கப்பட்டு, 2022 இல் தடை முற்றாக நீங்கியது. இம்மருந்து இலைவழியாக இறங்கி நிலத்தடித் தண்டையும் கொல்லும். அடித்துச் சில நாள்வரை புல் பச்சையாகவே தோன்றும் என்பதுதான் ஆபத்து. சாறு பிழிந்து குடிப்போர் பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது.

பூசைக்கும் சாற்றுக்கும் மருந்து படாத ஆலய வீதியிலோ வீட்டு முற்றத்திலோ பறிப்பதே தகும். பிடுங்காமல் நுனியை மட்டும் நகத்தாற் கிள்ளினால், கீழ்க்கணுவிலிருந்து புதுத் தளிர் வரும்.