பதின்மூன்று வயதுக்காரியின் கோயில்

அன்புத் தங்கைக்கு,

பங்கின் பதின்பருவப் பிள்ளைகளை உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று அறிந்தேன். ஆளாளுக்கு உன்னைப் பயமுறுத்துவதையும் எழுதியிருந்தாய். "கையில செல்போன் இருக்கற வரைக்கும் இதுங்களுக்குச் சாமியாவது பூசையாவது" என்று பங்குப் பேரவைப் பெரியவர் ஒருவர் சொன்னாராம். விடு. அவருடைய பதினைந்து வயதில் சினிமாக் கொட்டகையைக் காட்டி யாரோ இதையே சொல்லியிருப்பார்கள். நீ கேட்டது வேறு: சம்பளமில்லாத இந்த வேலையில் இத்தனை வருஷம் எப்படிச் சந்தோஷமாக இருந்தீர்கள் அக்கா என்று. அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நாம் நடத்திக் காட்டுகிற நிகழ்ச்சியில் அந்தச் சந்தோஷம் இல்லை. கிட்டார், விளையாட்டு, கேக் என்று வைத்தால் கூட்டம் வரும்; அடுத்த வாரம் அதைவிட நல்ல கேக் இருக்கும் இடத்துக்குப் போய்விடும். பிள்ளைகள் நம்மைத் திரும்பிப் பார்க்காமல் தாங்களாகவே ஒன்றில் இறங்குகிற நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன். ஆகவே அவர்களுக்கு நிஜமான வேலை கொடு. நாற்காலி தூக்குவதும் காணிக்கைப் பவனியில் தட்டு ஏந்துவதும் நிஜமான வேலை அல்ல. கிறிஸ்துமஸ் குடிலுக்கான பணத்தைக் கையில் கொடுத்துக் கணக்குக் கேள். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கு 14 சிந்தனைகளையும் அவர்களே எழுதட்டும். முதலில் கூகுளிலிருந்து எடுத்து வருவார்கள். திருப்பிக் கொடுத்துவிடு. அப்படித் திருப்பிக் கொடுத்தபோது, சீரேன் ஊர் சீமோனைப் பற்றி ஒரு பையன் எழுதி வந்தான்: "அவரை யாரும் கேட்கவில்லை, பிடித்து இழுத்துத்தான் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். என்னையும் அம்மா இழுத்துக்கொண்டுதான் கோயிலுக்கு வந்தார்." அவன் அதை ஒலிபெருக்கியில் வாசித்தபோது அவன் அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

எந்த மொழியில் கூட்டம் நடத்துவது என்று கேட்டிருந்தாய். நம் மைசூர்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். தமிழ்ப் பாட்டைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிசகாமல் பாடுவார்கள். மார்ட்டள்ளிப் பக்கமிருந்து விடுதியில் தங்கிப் படிக்க வரும் பிள்ளையின் தமிழ் ஒரு தினுசு, காந்தி நகர்ப் பிள்ளையின் தமிழ் இன்னொரு தினுசு. நடுவில் கொங்கணியும் மலையாளமும் பேசுகிறவர்கள். எந்த மொழிப் பூசை எத்தனை மணிக்கு என்று பெரியவர்கள் நாம் மல்லுக்கட்டுகிறோம். அவர்கள் ஒரே வாக்கியத்தில் மூன்று மொழியையும் போட்டு முடித்துவிடுகிறார்கள். சண்டை வந்தால் எந்த மொழியில் போட்டுக்கொள்கிறார்களோ, அதில் கூட்டத்தை நடத்து.

ஒரு நாள் அவர்களைப் புனித பிலோமினா பேராலயத்துக்கு அழைத்துப் போ. செல்ஃபிக்காக எல்லாரும் ஏற்கெனவே போயிருப்பார்கள். நீ நிலவறைக்குக் கூட்டிப் போய்ப் படுத்திருக்கும் அந்தச் சுரூபத்தின் முன் உட்கார வை. 1933 அக்டோபர் 28இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டினார், ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தின் சாயல், 175 அடி உயர இரட்டைக் கோபுரம் என்பதெல்லாம் வழிகாட்டிகளே சொல்வார்கள். பிலோமினாவின் திருப்பண்டம் இங்கே வரக் காரணமாக இருந்தவர் மகாராஜாவின் செயலாளர் தம்புச் செட்டி என்பதையும் சேர்த்துச் சொல். அப்புறம் அவர்களில் ஒருவர் கட்டாயம் கேட்கும் கேள்விக்குத் தயாராக இரு: "அக்கா, இவங்க நிஜமாவே இருந்தாங்களா? நெட்ல இல்லைன்னு போட்டிருக்கே?"

மழுப்பாதே. 1802இல் உரோமையின் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறைகளில் ஒரு குழியைத் திறந்தார்கள். அதை மூடியிருந்த மூன்று சுட்ட மண் ஓடுகளில் எழுத்துகள் வரிசை மாறிக் கிடந்தன. முதல் ஓட்டைக் கடைசிக்கு மாற்றிப் படித்தபோது "பிலோமினா, உனக்குச் சமாதானம்" என்று வந்தது. உள்ளே இருந்த எலும்புகள் ஒரு சிறுமியுடையவை என்றார்கள்; வயது பதின்மூன்று என்பது மரபு. வாழ்க்கைக் கதையெல்லாம் பிற்பாடு நேப்பிள்ஸ் கன்னியர் ஒருவர் கண்ட காட்சிகளிலிருந்து வந்தது. அந்த ஓடுகளே இன்னும் பழைய வேறொரு கல்லறையிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர் மருக்கி வாதிட்டார். ஆர்ஸ் சிற்றூர்ப் பங்குத்தந்தை வியான்னி உயிராய் மதித்த அந்தப் புனிதையின் திருவிழாவை 1961இல் உரோமை வழிபாட்டு நாள்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது, பக்தியைத் தடுக்கவில்லை. இவ்வளவையும் சொன்னால் விசுவாசம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நான் கண்டது வேறு. ஓட்டுத் துண்டுகளைக் காகிதத்தில் வெட்டிக் கொடுத்தேன், அரை மணி நேரம் யாரும் செல்போனைத் தொடவில்லை. கடைசியில் ஒரு பெண், "பேர்கூடச் சரியாத் தெரியாத ஒரு பொண்ணுக்கா ராஜா அடிக்கல் போட்டாரு?" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை. அவள் வயதுக்காரிக்குக் கட்டிய கோயில் அது என்று அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

அதே 1961இல்தான் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவானின் சுற்றுமடல் ஒன்று, பார்ப்பது, சீர்தூக்குவது, செயல்படுவது என்ற மூன்று படிகளைத் திருச்சபை முழுவதற்கும் பரிந்துரைத்தது. பெல்ஜியத்தில் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளோடு உழைத்த கார்டைன் சாமியாரின் முறை அது. இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கம் இன்றும் இப்படித்தான் நடக்கிறது. பாடமாக நடத்தினால் கொட்டாவி வரும். திருவிழா முடிந்த இரவு கோயில் வளாகத்தில் கிடந்த காகிதக் குவளைகளையும் தட்டுகளையும் பார்க்கச் சொன்னேன். இதைக் காலையில் யார் கூட்டுவார்கள் என்று கேட்டேன். "எங்கம்மா" என்றான் ஒருவன். அவர் மாநகராட்சியின் பௌர கார்மிகர். மைசூர், நாட்டிலேயே தூய்மையான நகரம் என்று 2016இல் முதலிடம் வாங்கியதைப் பீற்றிக்கொள்கிற ஊர் இது. அதன் பிறகு எந்தக் கூட்டத்தையும் நான் கூட்டவில்லை. அவர்களே பங்குப் பேரவைக்குப் போய் எவர்சில்வர் டம்ளர் கேட்டார்கள். கழுவுகிற முறையை எழுதி ஒட்டினார்கள். சண்டையும் வந்தது, டம்ளரும் வந்தது.

ஒத்துழைக்காத பிள்ளை பற்றி ஒரு வார்த்தை. 1841 டிசம்பரில் டூரின் நகரக் கோயிலில் விரட்டப்பட்ட ஒரு பையனை தொன் போஸ்கோ அழைத்துப் பேசினார். படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டதற்கெல்லாம் தெரியாது என்ற பையன், சீட்டியடிக்கத் தெரியுமா என்றதும் சிரித்தான் என்று அவருடைய வரலாற்றில் இருக்கிறது. அந்தக் கேள்வி கிடைக்கும் வரை கேட்டுக்கொண்டே இரு. 2025 செப்டம்பரில் புனிதராக உயர்த்தப்பட்ட, பதினைந்து வயதில் இறந்த கார்லோ அகுத்திஸின் படத்தைக் காட்டு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் "அவனும் கம்ப்யூட்டர் வைச்சிருந்தான், உன்னை மாதிரியா இருந்தான்?" என்று தொடங்கிவிடாதே.

பி.யூ.சி. (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) வந்ததும் சி.இ.டி. நுழைவுத் தேர்வுப் பயிற்சி ஞாயிற்றுக்கிழமையையும் விழுங்கும். பெற்றோரோடு மல்லுக்கு நிற்காதே, கூட்டத்தைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றிக்கொள்.

ஒன்றில் மட்டும் உனக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதே. இரவு நேரத் தனிச் செய்திகள் வேண்டாம். வெளியூர் முகாம் என்றால் பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் ஆண், பெண் இருபால் பொறுப்பாளர்களும் வேண்டும். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதே. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது உன் கடமை. குற்றம் செய்தவர் யாராக இருந்தாலும், அங்கி போட்டவராக இருந்தாலும்.

நம் பங்குத் திருவிழா நவநாளில் ஒரு மாலையைப் பிள்ளைகள் பொறுப்பில் கேள். பங்குச் சாமியார் காதில் நான் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறேன். ஒலிபெருக்கிக்காரரிடம் மட்டும் நீயே போய்ப் பேசு. டம்ளர் விவகாரத்திலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

அன்புடன்,
அக்கா