இரண்டு மைக்குகளும் ஒரு குரலும்

ஒரு பாடகருக்கு முன் இரண்டு மைக்குகள் வைத்தால் ஒலி இன்னும் நன்றாகப் பதிவாகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கணக்கிட்டுப் பார்ப்போம்.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. இரண்டாவது மைக் 34 செ.மீ. தள்ளியிருந்தால், ஒலி அதை 1/1000 நொடி தாமதமாக அடையும். 500 ஹெர்ட்ஸ் ஒலியில் ஓர் அலைக்கு ஆகும் நேரம் 2/1000 நொடி. ஆகவே, முதல் மைக்கில் முகடு சேரும்போது இரண்டாவதில் அகடு சேரும். இரண்டையும் சம அளவில் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்! 1000 ஹெர்ட்ஸ் ஒலியோ ஒரு முழு அலை பின்தங்குவதால் வலுப்பெறும். குரலின் இயல்பே மாறிவிடும். கலந்து பதிவு செய்தபின் இழந்த ஒலியை மீட்க முடியாது.

எனவே ஒரு குரலுக்கு ஒரு மைக் போதும். இருவர் பாடினால், வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மும்மடங்காவது மைக்குகளுக்கிடையே இடைவெளி விடுவார்கள்.

சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவைப் பட்டப்படிப்பாகவே கற்கலாம். அந்த ஆசை உங்களுக்கு உண்டா? அப்படியானால் இயற்பியலில் அலைகள் பாடத்தை ஒதுக்கிவிடாதீர்கள்!

எங்கே, சொல்லுங்கள்: மைக் 17 செ.மீ. தள்ளியிருந்தால் எந்த அதிர்வெண் முதலில் மறையும்?

(விடை: 1000 ஹெர்ட்ஸ்)