காப்புக் கட்டு

மார்கழித் திங்களின் இறுதி நாள் போகி. அன்று கொங்கு நாட்டு ஊர்களில் வீட்டுக் கூரையின் முகப்பில் ஒரு சிறு தழைக்கொத்தினைச் செருகுவர். வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய அக்கொத்தே காப்பு எனப்படும். மாட்டுத் தொழுவத்திற்கும் விளைநிலத்திற்கும் காப்புக் கட்டுதல் மரபாகும்.

இவை நம் நாட்டில் தொன்றுதொட்டு வளர்பவை. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 மலர்களுள் ஆவிரையும் பூளையும் இடம்பெற்றுள்ளன. ஆவிரை, நீர் இறைப்பார் இன்றியும் வறண்ட மேட்டுநிலத்தில் பொன்னிறமாய்ப் பூப்பது. அதன் பட்டை தோல் பதனிட உதவுவது. சிறுபீளை வெண்பஞ்சு போன்ற கதிர்களை உடையது. விழா முடிந்தபின் இவற்றின் விதைகள் தரையில் உதிர்ந்தாலும் தீங்கில்லை. இவை பிற செடிகளையும் உடன் வாழவிடும்.

எல்லாச் செடிகளும் இத்தகையன அல்ல. உண்ணிச்செடி அமெரிக்க நிலப்பகுதிகளுக்கு உரியது. அதன் பன்னிற மலர்களின் அழகு கருதி, 19ஆம் நூற்றாண்டில் அதனை இந்தியத் தோட்டங்களில் நட்டனர். பறவைகள் அதன் கனிகளை உண்டு, விதைகளைத் தொலைவிலும் பரப்பின. தோட்டத்து அழகுச்செடி காட்டினுள் புகுந்து புதராய் மண்டியது. அப்புதரின் கீழே புல் செழித்தல் அரிது. அதன் தழையோ கால்நடைகளுக்கு நஞ்சு. ஆகவே, மானும் மாடும் மேயும் நிலம் சுருங்கிற்று.

கனியோடு கூடிய உண்ணிக் கிளையை அலங்காரத்திற்கு ஒடித்து வந்து, வாடியபின் வேலியோரம் எறிதல், அதன் விதையை நாமே விதைப்பதற்கு ஒப்பாகும். கனியும் விதையும் நீக்கி உலர்த்திய தண்டினால் அக்கேடு இல்லை. மலைவாழ் மக்கள் சிலர் அத்தண்டினைக் கொண்டு நாற்காலி முதலிய பொருள்களைச் செய்கின்றனர்.

ஆயினும், நம் மண்ணின் செடி என்பதனால் அதனை வரையின்றிப் பறித்தலும் தகாது. சிறுபீளையை எங்கும் வேரோடு பிடுங்கிவிட்டால், அடுத்த ஆண்டு முளைக்க விதை ஏது? வேண்டிய கதிர்களை மட்டும் கொய்து, முற்றிய கதிர் சிலவற்றைச் செடியிலேயே விட்டுவிடுதல் வேண்டும். ஆவிரையிலும் சிறு கிளைகளை மட்டுமே அரிதல் நன்று.

மாணவர்களே, போகிக்கு முன்னர் உங்கள் ஊர் வழியோரங்களைச் சுற்றிப் பாருங்கள். ஆவிரை எங்கே பூத்திருக்கிறது, பீளை எங்கே வெளுத்திருக்கிறது, உண்ணி எங்கே பரவியிருக்கிறது என்று கண்டு வாருங்கள். செடியின் இயல்பறிந்து கட்டும் காப்பு, வீட்டிற்கு அழகும் நிலத்திற்குக் காவலும் ஆகும்.