முத்திரையை வெட்டாதீர்கள்

எங்கள் பள்ளியில் அஞ்சல்தலை மன்றத்தைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். உறையிலிருந்து தலையை வெட்டி, நீரில் ஊறவைத்து, உலர்த்தி ஏட்டில் ஒட்டுவது நான் சிறுமியாக இருந்தபோது கற்ற முறை. மாணவர்களுக்கும் அதையே கற்றுக்கொடுத்தேன். அது தவறு என்று புரிந்தது ஒரு கடற்படை உறையால்.

வைத்திக்குப்பத்திலிருந்து வரும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீட்டுப் பெட்டியிலிருந்து பழைய உறை ஒன்றைக் கொண்டுவந்தாள். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்ததே நான்தான். மறுநாள் அவளுடைய தாத்தா பள்ளிக்கு வந்தார். ஐ.என்.எஸ். விக்ராந்தில் பணியாற்றியவர். 1961 மார்ச் 4 அன்று கடற்படையில் சேர்ந்த அக்கப்பல் 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றது. அந்த நாளில் அவர் வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தின் உறை அது. அஞ்சல் முத்திரையில் ஒரு பாதி உறையில் நின்றது. மறுபாதி தலையோடு போய் நீரில் மங்கிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. “ஸ்டாம்பு எந்தத் தபாலாபீஸ்லயும் கெடைக்கும் டீச்சரம்மா. அந்த முத்திரை இனிமே கெடைக்குமா?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் வகுப்புக்கு வந்து பேச முடியுமா என்று கேட்டேன். வந்தார்.

அன்றைய பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்கினேன்: ஓடிக்கொண்டே இருக்கும் கப்பலுக்குக் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்? “கரைக்கு வர்றப்போ குடுப்பாங்க” என்றான் ஒரு மீனவர் மகன். ஏறக்குறைய சரிதான். உறையில் கப்பலின் பெயரும், அதன் கீழே மும்பை ஃப்ளீட் மெயில் ஆபீஸ் போன்ற ஒரு முகவரியும் இருக்கும். கப்பல் எங்கே இருக்கிறது என்பதை எழுதுபவர் அறிய வேண்டியதில்லை. தரைப்படையினருக்கு 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று எழுதுவதும் இதே முறைதான். படை அஞ்சலக முத்திரையிலும் எண் இருக்கும், ஊர் இருக்காது.

ஊரை ஏன் மறைக்க வேண்டும்? இதற்குப் பாடநூலில் இல்லாத நல்ல விடை 1971 போரில் இருக்கிறது. விக்ராந்தைத் தேடி வந்தது பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி. விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் இருந்தது. அது விசாகப்பட்டினத்தில் இருப்பதாக எதிரியை நம்பவைக்கக் கிழக்குக் கடற்படைத் தளபதி கிருஷ்ணன் செய்த ஏற்பாடுகளில் ஒன்று, விக்ராந்த் மாலுமி ஒருவர் உடல்நலமில்லாத தன் தாயைப் பற்றி விசாரிப்பதுபோல் அனுப்பப்பட்ட சாதாரணச் செய்தி. காஸி விசாகப்பட்டினம் அருகே டிசம்பர் தொடக்கத்தில் மூழ்கியது. வீட்டுச் செய்தி ஒன்றே கப்பலின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பது பிள்ளைகளுக்கு உடனே விளங்கியது.

அமெரிக்காவில் 1908 முதல் போர்க்கப்பல்களுக்குள்ளேயே அஞ்சலகங்கள் உண்டு. அங்குள்ள சேகரிப்பாளர்கள் சுயமுகவரியிட்ட உறையைக் கப்பலுக்கு அனுப்பி முத்திரை வாங்குவார்கள். நம் மாணவர்களை அப்படி எழுதவைக்க வேண்டாம். ரங்கப்பிள்ளை தெருத் தலைமை அஞ்சலகத்திலோ வீட்டுப் பெட்டியிலோ தேடச் சொல்வதே நல்லது.

புதுச்சேரியில் வீட்டுப் பெட்டிகள் வளமானவை. பிரெஞ்சுப் படையில் இருந்த ‘சொல்தா’ குடும்பங்களில் இந்தோசீனாவிலிருந்து வந்த கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றிலும் ஊர்ப்பெயருக்குப் பதில் ‘செக்தேர் போஸ்தால்’ எண்தான். பணத்தை ஃபனோன், காஷ் என்று அச்சிட்ட பிரெஞ்சிந்தியத் தலையோடு ஓர் உறை கிடைத்தால் கணக்குப் பாடமும் சேர்ந்துகொள்ளும்: 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய்.

இப்போது எங்கள் மன்றத்தில் எந்த உறையையும் வெட்டுவதில்லை. பசையும் செல்லோ டேப்பும் கிடையாது. காகித முக்கோணங்களில் மூலைகளைச் செருகி நிறுத்துகிறோம். விவரங்களைத் தனித்தாளில் பென்சிலால் எழுதுகிறோம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிப்போருக்கு அஞ்சல் துறை வழங்கும் தீன் தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய். வினாடிவினாவும் செயல்திட்டமும் உண்டு. பள்ளியில் மன்றம் இருப்பது விண்ணப்பிக்க உதவும். இத்தகைய உறை ஒன்றைப் பற்றியே செயல்திட்டம் தயாரிக்கலாம்.

வெட்டிய தலையை மறுபடி ஒட்டிவிடலாமா என்று அந்த மாணவி கேட்டாள். “வேணாம், அப்படியே இருக்கட்டும்” என்றார் தாத்தா. உறையையும் எங்களிடமே விட்டுச் சென்றார். எஞ்சிய அரை வட்டத்தில் நாளும் மாதமும் தெரிகின்றன, ஆண்டு இல்லை. ஒவ்வொரு ஜூனிலும் புதிய மாணவர்களிடம் அதைக் கொடுத்து, ஆண்டைக் கண்டுபிடிக்க உறையில் வேறு என்னென்ன சான்றுகள் உள்ளன என்று கேட்கிறேன். எங்கள் மன்றத்தின் முதல் பயிற்சி அதுதான்.