ரத்தக் குழாய் வெறும் குழாயா?

ரயில்வேயில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழாய், வால்வு, கசிவு என்றே காலம் தள்ளியவன் நான். ரத்தக் குழாயையும் அப்படி ஒரு குழாய் என்றுதான் எண்ணியிருந்தேன். சென்ற மழைக்காலத்தில் மட்டாஞ்சேரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு டெங்கு வந்தது. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. "வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா, டாக்டர்?" என்றார் தாயார். "இனிமேல்தான் கவனிக்க வேண்டும், அம்மா" என்றார் டாக்டர். ஏன் என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நம் ரத்தக் குழாய்களின் உட்புறம் முழுவதும் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் உண்டு. அதற்கு எண்டோதீலியம் என்று பெயர். இப்படலம் இருந்தால்தான் அசிடைல்கோலின் பட்டதும் குழாய் விரிகிறது என்று 1980-ல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் காட்டினார். படலம் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவே அதற்குக் காரணம் எனப் பின்னர் தெரிந்தது. 1998-ல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

கொசு கடித்த இடத்தைப் பாருங்கள். சில நிமிடங்களில் தடிக்கிறது. தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை விடுகின்றன. அது பட்டதும் நுண்சிரைகளின் படலச் செல்களுக்கிடையே சந்து விழுந்து ரத்த நீர் கசிகிறது.

கிருமி நுழைந்தால் இன்னொரு கட்டம் உண்டு. திசுக்களிலுள்ள விழுங்கு செல்கள் இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். என்ற தூதுப் பொருள்களை அனுப்புகின்றன. சில மணி நேரத்தில் படலச் செல்களின் மேல் செலக்டின் என்ற கொக்கிகள் முளைக்கின்றன. ஓடி வரும் வெள்ளணு அவற்றில் தட்டி உருண்டு வேகம் குறைகிறது. இது அவுட்டர் சிக்னல். ஐகேம் என்ற புரதம் அதை நிறுத்துகிறது. இது ஹோம் சிக்னல். பிறகு வெள்ளணு சந்து வழியே நோயுள்ள இடத்துக்குப் போகிறது. படலச் செல்களும் சும்மா இருப்பதில்லை. தாமே இன்டர்லூக்கின்-8 தயாரித்து மேலும் வெள்ளணுக்களை அழைக்கின்றன. இன்டர்லூக்கின்-6 தயாரித்துக் காய்ச்சலுக்கும் துணை போகின்றன. செய்தி கேட்பதும் அவையே, செய்தி அனுப்புவதும் அவையே.

இது ஓரிடத்தோடு நின்றால் நன்மை. கடுமையான டெங்குவில் இத்தூதுப் பொருள்கள் உடல் முழுதும் பெருகுகின்றன. வைரஸின் என்.எஸ்.1 புரதமும் படலத்தைத் தாக்குகிறது. ரத்த நீர் வயிற்றிலும் நெஞ்சிலும் கசிகிறது; குழாயில் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழுகிறது. இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், மூன்று முதல் ஏழாம் நாளுக்குள் வருகிறது. படலம் அழிந்துவிடுவதில்லை, ஓரிரு நாளில் சந்துகள் மூடிக்கொள்ளும். அதுவரை தாக்குப்பிடிக்க வைப்பதே சிகிச்சை.

ஆகவே காய்ச்சல் விட்டதும் அசட்டையாக இராதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு, சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். வீட்டில் தண்ணீர் சேர்த்து வைக்கும் டிரம்களை மூடி வையுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வாரத்தில் பள்ளிக்கூடம் போனான்.