டிக்கெட்டில் மட்டும் ஏன் கூடுதல் நேரம்?

கேள்வி: சென்னை–டெல்லி வான்வழித் தூரம் எவ்வளவு? விமானம் மணிக்கு 800 கி.மீ. பறக்கிறதாம். பிறகு ஏன் டிக்கெட்டில் இரண்டே முக்கால் மணி நேரம் என்று போடுகிறார்கள்?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: நேர்க்கோட்டில் சுமார் 1,760 கி.மீ. உங்கள் கணக்குப்படி இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். கணக்கு சரிதான், ஆனால் அது ஆகாயத்துக்கு மட்டும். டிக்கெட்டில் இருப்பது சென்னையில் விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து டெல்லியில் நின்று ஓயும்வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். டெல்லியில் நெரிசல் என்றால் வானிலேயே வட்டமடிக்க வைப்பார்கள். இறங்கிய பிறகும் விமானம் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் நம்மவர்கள் எழுந்து பெட்டியை இறக்கத் தொடங்கிவிடுவார்கள்! இத்தனைக்கும் இடம்விட்டுத்தான் விமான நிறுவனங்கள் நேரத்தைப் போடுகின்றன. எல்லாம் கூடிவந்தால் முன்னதாகவே இறங்கிவிடுவதும் உண்டு.

ரயிலில் தூரம் ஏறக்குறைய 2,180 கி.மீ. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பனிமூட்டம் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது. அந்த மாதங்களில் அதிகாலை விமானத்தைத் தவிர்த்துவிட்டு, மதிய விமானத்தில் பதிவு செய்யுங்கள்.