புது டீம் கொடுக்குற 50 கோடி டாலர் வருமானமா, விற்பனையா? ஐஸ் ஹாக்கி லீக் சொல்லித் தரும் கணக்கு



என் கிளையன்ட் ஒருத்தர், ரெண்டு நண்பர்களோட சேர்ந்து ஒரு பிரிண்டிங் யூனிட் நடத்துறார். வருஷ லாபம் சுமார் 36 லட்சம் ரூபாய். ஆளுக்கு 12 லட்சம். நாலாவதா ஒருத்தர் 24 லட்சம் குட்வில் கொடுத்து சம பங்குக்கு பார்ட்னரா சேர்ந்தார். பழைய பார்ட்னர்கள் மூணு பேரும் தலா 8 லட்சம் எடுத்துக்கிட்டாங்க. "சார், இந்த வருஷம் எக்ஸ்ட்ரா 8 லட்சம் வருமானம்"னு சந்தோஷமா போன் பண்ணினார். புது காருக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு.

நான் சொன்னது ஒன்னுதான்: "அது வருமானம் இல்லைங்க. உங்க பங்குல ஒரு துண்டை வித்த காசு."

கணக்கு போட்டுப் பாருங்க. மூணுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்கா ஆயிடுச்சு. லாபம் அதே 36 லட்சமா இருந்தா இனிமே அவருக்கு வருஷத்துக்கு 9 லட்சம்தான். வருஷம் 3 லட்சம் குறையுது. வாங்கின 8 லட்சம் மூணே வருஷத்துல கரைஞ்சிடும். அதுக்கப்புறம்?

இதே கணக்கை கோடிக்கணக்கான டாலர்ல போடுற இடம் ஒன்னு இருக்கு. வட அமெரிக்காவோட தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக், அதாவது என்எச்எல். அங்கே ஒரு புது அணி எப்படி உள்ளே வருது, ஒரு அணி எப்படி ஊர் மாறுதுங்கறதைப் புரிஞ்சுக்கிட்டா, பங்கு, குட்வில், கரன்சி ரிஸ்க் எல்லாமே ஒரே கதையில புரிஞ்சிடும்.

முதல்ல, இந்த லீக் எப்படி இயங்குது?

அமெரிக்காவிலும் கனடாவிலுமா மொத்தம் 32 அணிகள். ஐரோப்பிய கால்பந்து மாதிரி, நல்லா ஆடினா மேல் டிவிஷனுக்கு ஏறலாம், மோசமா ஆடினா இறங்கணும்ங்கற விதி இங்கே கிடையாது. இது மூடிய கிளப். அணி ஓனர்கள்தான் லீகோட உறுப்பினர்கள். புது ஆள் வேணுமா, அணி ஊர் மாறலாமா, எல்லாத்துக்கும் அவங்க ஓட்டு போடணும்.

ஒரு ஊருக்கு அணி வேணும்னா ரெண்டே வழி. ஒன்னு, விரிவாக்கம்: லீக் புதுசா ஒரு இடத்தை உருவாக்கி விக்கும். இன்னொன்னு, இடமாற்றம்: இருக்கிற அணி ஒன்னு பெட்டியைக் கட்டிக்கிட்டு வரும்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு ஏறியிருக்கு?

- 1967: ஒரே நேரத்தில் 6 புது அணிகள். தலா 20 லட்சம் டாலர்.
- 1979: போட்டி லீக் ஒன்னு மூடப்பட்டு, அதிலிருந்து 4 அணிகள் வந்தன. தலா 60 லட்சம் டாலர்.
- 1992: ஒட்டாவா, டாம்பா பே. தலா 5 கோடி டாலர்.
- 1998 முதல் 2000 வரை: நாஷ்வில், அட்லாண்டா, கொலம்பஸ், மினசோட்டா. தலா 8 கோடி டாலர்.
- 2016: வேகாஸ் அணிக்கு அனுமதி. 50 கோடி டாலர்.
- 2018: சியாட்டிலுக்கு அனுமதி. 65 கோடி டாலர்.

20 லட்சத்திலிருந்து 65 கோடி. 51 வருஷத்தில் 325 மடங்கு. கூட்டு வளர்ச்சி விகிதம் வருஷத்துக்கு சுமார் 12%.

"அட, நம்ம ஈக்விட்டி ஃபண்ட் மாதிரி இருக்கே"னு தோணுதா? கொஞ்சம் பொறுங்க. இது நுழைவுச் சீட்டோட விலை ஏறின வேகம். உள்ளே போனவங்க சம்பாதிச்ச லாபம் இல்லை.

1967ல் வந்த ஆறில் கலிஃபோர்னியாவின் சீல்ஸ் அணி 1976ல் கிளீவ்லாந்துக்குப் போய், 1978ல் இன்னொரு அணியோட இணைஞ்சு காணாமலே போச்சு. மினசோட்டா அணி 1993ல் டல்லாஸுக்குப் போயிடுச்சு. பிட்ஸ்பர்க் ரெண்டு தடவை திவாலாச்சு, 1975லும் 1998லும். ரெண்டாவது தடவை, அவங்க நட்சத்திர ஆட்டக்காரர் மரியோ லெமியூவுக்குத் தர வேண்டிய சம்பளப் பாக்கியே கோடிக்கணக்கில் இருந்துச்சு. அவர் அந்தப் பாக்கியில் பெரும்பகுதியைப் பங்கா மாத்திக்கிட்டு, 1999ல் அணியோட ஓனராவே ஆயிட்டார். கடன்காரர் முதலாளியான கதை!

அட்லாண்டா கணக்கைப் பாருங்க. 8 கோடி கட்டி 1999ல் களமிறங்கின அணி, 2011ல் விற்கப்பட்டப்போ ஓனர்கள் கைக்கு வந்தது 11 கோடி. 12 வருஷத்தில் வருஷத்துக்கு 3% கூட இல்லை. நடுவுல நடத்தின நஷ்டம் தனி. சராசரியை மட்டும் பார்த்து முதலீடு பண்ணக் கூடாதுன்னு ஏன் சொல்றோம்னு இப்போ புரியுதா?

இப்போ நம்ம +2 கணக்குப்பதிவியலுக்கு வருவோம்

காமர்ஸ் படிச்சவங்களுக்கு 'கூட்டாளி சேர்ப்பு' பாடம் ஞாபகம் இருக்கும். புதுக் கூட்டாளி கொண்டு வர்ற நற்பெயர் தொகையை, பழைய கூட்டாளிகள் 'தியாக விகிதத்தில்' பிரிச்சுக்கணும். ஏன் 'தியாகம்'னு பேர் வச்சாங்க? எதிர்கால லாபத்தில் ஒரு பகுதியை விட்டுக் கொடுக்கறாங்க. அதுக்கான ஈடுதான் அந்தத் தொகை.

என்எச்எல் விரிவாக்கக் கட்டணமும் அதேதான். வேகாஸ் கட்டின 50 கோடியை 30 பழைய ஓனர்களும் சமமா பிரிச்சுக்கிட்டாங்க. ஆளுக்கு சுமார் 167 லட்சம் டாலர். ஆட்டக்காரர்களுக்கு இதில் பங்கு கிடையாது. ஹாக்கி மூலமா வர்ற வருவாயை ஓனர்களும் ஆட்டக்காரர்களும் பாதிப் பாதியா பிரிச்சுக்கணும்னு ஒப்பந்தம் இருக்கு. ஆனா விரிவாக்கக் கட்டணம் அந்த 'வருவாய்' வரையறைக்குள்ள வராது. அந்த ஒப்பந்தமே இதை வருவாயா எண்ணலைங்கறதைக் கவனிங்க.

சரி, பழைய ஓனர்களுக்கு இது லாபமா நஷ்டமா? தேசிய டிவி உரிமைப் பணத்தை எல்லா அணிகளும் சமமா பிரிக்கும். கணக்கு சுலபமா இருக்க, அந்தப் பொதுப் பணம் வருஷத்துக்கு 60 கோடி டாலர்னு வச்சுக்குவோம்.

- 30 அணிகள் இருந்தா ஆளுக்கு 200 லட்சம்.
- 31 ஆனா ஆளுக்கு 193.5 லட்சம்.
- இழப்பு வருஷத்துக்கு 6.5 லட்சம்.
- கையில் வந்த 167 லட்சத்தை 5% வட்டியில் போட்டா, வருஷத்துக்கு 8.3 லட்சம்.

வட்டியே இழப்பை ஈடு கட்டிடுது. நல்ல டீல்.

இப்போ சியாட்டில். 65 கோடியும் பிரிஞ்சது 30 பேருக்குத்தான். வேகாஸுக்குப் பங்கு இல்லை. புது அணிக்கு மற்ற ஒவ்வொரு அணியும் ஒரு ஆட்டக்காரரை விட்டுக் கொடுக்கணும். வேகாஸுக்கு அதிலிருந்து விலக்கு கிடைச்சுது. ஆள் போகலை, அதனால காசும் வரலை. இந்த முறை பொதுப் பணம் 100 கோடின்னு வச்சுக்குவோம்.

- 31 அணிகள் இருந்தா ஆளுக்கு 322.6 லட்சம்.
- 32 ஆனா 312.5 லட்சம்.
- இழப்பு வருஷத்துக்கு 10.1 லட்சம்.
- பங்கா வந்த 217 லட்சத்துக்கு 5% வட்டி 10.8 லட்சம்.

கிட்டத்தட்ட சமம்! கட்டணம் 15 கோடி கூடியும் லாபம் சுருங்கிடுச்சு. பொதுப் பணம் 130 கோடியா வளர்ந்தா, இழப்பு 13 லட்சத்தைத் தாண்டிடும். வட்டியோ அதே 10.8தான். டிவி பணம் வளரத்தான் செய்யுது. கனடாவில் ரோஜர்ஸ் நிறுவனம் 2014ல் தொடங்கின 12 வருஷ உரிமைக்கு ஒத்துக்கிட்ட விலை 520 கோடி கனடிய டாலர். 2026ல் தொடங்கும் அடுத்த 12 வருஷத்துக்கு 1,100 கோடி.

வாங்கின தொகை நின்ன இடத்துல நிக்கும், வித்த பங்கு வளர்ந்துக்கிட்டே போகும். இந்தப் பதிவோட சாரமே இதுதான்.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். புது அணி மொத்தப் பணத்தையே பெருசாக்கலாம். வேகாஸ் முதல் சீசனிலேயே இறுதிப் போட்டிக்குப் போச்சு, 2023ல் கோப்பையையே தூக்குச்சு. அப்படி ஒரு கூட்டாளி வந்தா எல்லாருக்கும் ஆதாயம். அதனால கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு கொடுக்கறார்?" மட்டும் இல்லை. "வந்து எவ்வளவு சேர்ப்பார்?"ங்கறதும்தான்.

அணிகள் ஏன் ஊரை விட்டுப் போகுது?

1990களின் நடுவில் கனடாவின் கியூபெக் அணியும் வின்னிபெக் அணியும் அடுத்தடுத்த வருஷங்களில் அமெரிக்காவுக்குப் போயிடுச்சு. ரசிகர்கள் இல்லாமல் இல்லை. டிக்கெட் வருமானம் கனடிய டாலரில், ஆட்டக்காரர் சம்பளம் அமெரிக்க டாலரில். கனடிய டாலர் சரியச் சரிய, ஒண்ணுமே செய்யாமல் செலவு ஏறிக்கிட்டே போச்சு. இதைத்தான் கரன்சி மிஸ்மேட்ச்னு சொல்றோம். சம்பளம் ரூபாயில் வாங்கிக்கிட்டு, பிள்ளையோட ஃபாரின் படிப்புக்கு டாலரில் ஃபீஸ் கட்டறவங்களுக்கு இந்த வலி தெரியும்.

கியூபெக் அணி 1995ல் டென்வருக்குப் போய், அடுத்த வருஷமே கோப்பையை ஜெயிச்சது. 16 வருஷம் காத்திருந்த ரசிகர்கள் அதை டிவியில்தான் பார்த்தாங்க.

வின்னிபெக்குக்கு 2011ல் அணி திரும்பி வந்தது. அட்லாண்டா அணியைத்தான் வாங்கினாங்க. மொத்தம் 17 கோடி டாலர். அதில் 11 கோடி ஓனர்களுக்கு, 6 கோடி லீகுக்கு இடமாற்றக் கட்டணம். அந்த நேரம் கனடிய டாலர் அமெரிக்க டாலருக்குச் சமமா நின்னது. 2005லேயே சம்பள உச்சவரம்பும் வந்திருந்தது. ஊர் அதே ஊர்தான், கணக்குதான் மாறியிருந்தது.

அது என்ன இடமாற்றக் கட்டணம்? ஒரு ஊரில் அணி நடத்தும் உரிமை லீகோட சொத்து, அணியோடது இல்லை. அரிசோனா அணி 2009ல் திவாலானப்போ, பிளாக்பெர்ரி புகழ் ஜிம் பால்சிலி 21 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதைக் கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டு போகப் பார்த்தார். லீக் விடலை. கோர்ட் வரைக்கும் போய்த் தடுத்து, கடைசியில் லீக்கே 14 கோடிக்கு அந்த அணியை வாங்கிடுச்சு. அதிக விலை கொடுத்தவருக்குக் கிடைக்கலை. காரணம், அவர் வாங்க நினைச்சது அணியை மட்டும் இல்லை, ஊரையும் சேர்த்து.

2024: ஒரு சிஏ ரசிக்கிற டீல்

அந்த அரிசோனா அணி கடைசியில் சுமார் 5,000 பேர் உட்காரும் பல்கலைக்கழக அரங்கில் ஆட வேண்டிய நிலைமைக்கு வந்தது. 2023 மே மாதம், புது அரங்கத் திட்டத்தை டெம்பே நகர மக்கள் வாக்கெடுப்பில் நிராகரிச்சாங்க. 2024 ஏப்ரலில் 120 கோடி டாலருக்கு யூட்டா டீல் முடிஞ்சது. 100 கோடி பழைய ஓனருக்கு, 20 கோடி மற்ற ஓனர்களுக்கு.

ஆனா பேப்பரில் இது இடமாற்றமே இல்லை! ஆட்டக்காரர்கள், ஒப்பந்தங்கள், டிராஃப்ட் உரிமைகள், அதாவது 'ஹாக்கி சொத்துகள்' மட்டும் யூட்டாவுக்குப் போச்சு. பெயரும் பழைய சாதனைப் பதிவுகளும் அரிசோனாவிலேயே தங்கின. அஞ்சு வருஷத்துக்குள்ள அரங்கம் கட்டி, 100 கோடியைத் திருப்பிக் கொடுத்தா அணிக்கு மறுபடி உயிர் வரும்ங்கற ஏற்பாடு. அரங்கத்துக்கான நில ஏலம் ரத்தாகி, சில மாதங்களிலேயே பழைய ஓனர் அந்த உரிமையையும் விட்டுட்டார்.

ஒரு தொழிலை முழுசா விக்கறது வேற, அதிலிருக்கிற சொத்துகளை மட்டும் விக்கறது வேற. கடையை விக்கறப்போ கடைப் பேரையும் சேர்த்துத்தான் விக்கறீங்களான்னு நான் கேட்கறது இதனாலதான்.

கடைசியா, கியூபெக் அரங்கம்

2015ல் கியூபெக் நகரம் சுமார் 37 கோடி கனடிய டாலர் செலவில், பெரும்பாலும் அரசுப் பணத்தில், பிரமாண்டமான அரங்கம் கட்டித் திறந்தது. அணி வரும்னு நம்பிக்கை. விண்ணப்பமும் போட்டாங்க. 2016ல் வேகாஸுக்கு அனுமதி, கியூபெக்குக்கு "பிறகு பார்க்கலாம்". சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்னு, மறுபடியும் அதே கனடிய டாலர் மதிப்பு! அடுத்த இடம் சியாட்டிலுக்குப் போச்சு. அரங்கம் இருக்கு, என்எச்எல் அணி வரலை.

முடிவு இன்னொருத்தர் கையில் இருக்கும்போது, அதை நம்பி நம்ம பணத்தை முதல்ல போடறது எவ்வளவு ஆபத்துன்னு இதைவிட நல்லா யாரும் சொல்ல முடியாது. "பைபாஸ் வரும்"னு நிலம் வாங்கினவங்க ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க.

நாம எடுத்துக்க வேண்டியது

1. பங்கை வித்து வந்த பணம் முதல், வருமானம் இல்லை. அதை முதலாவே வேற இடத்தில் போடுங்க.
2. விக்கறதுக்கு முன்னாடி, வருஷ இழப்பையும் கிடைக்கிற தொகையின் வட்டியையும் ஒப்பிடுங்க. இழப்பு வருஷா வருஷம் வளரும்ங்கறதையும் சேர்த்துக்கோங்க.
3. வரவு எந்தக் கரன்சி, செலவு எந்தக் கரன்சின்னு பாருங்க.
4. எதை விக்கறீங்க, எதை வாங்கறீங்கன்னு ஒப்பந்தத்தில் வரி வரியா எழுதுங்க.

என் கிளையன்ட் என்ன பண்ணினார்னு கேட்பீங்க. கார் வாங்கலை. அட்வான்ஸில் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டுத்தான் கொடுத்தாங்க. 8 லட்சத்தில் பாதி டெபாசிட்டுக்குப் போச்சு, மீதி யூனிட்டுக்கே ஒரு புது கட்டிங் மெஷினாப் போச்சு. "லாபம் 48 லட்சம் ஆனாத்தான் சார் எனக்குப் பழைய 12 வரும்"னு இப்போ அவரே எனக்குக் கணக்கு சொல்றார்.

உங்க குடும்பத் தொழிலில் பங்கு கொடுத்தோ வாங்கியோ இருக்கீங்களா? அந்தப் பணம் எங்கே போச்சுன்னு கமெண்டில் சொல்லுங்க. 'தியாக விகிதம்' கணக்கை போர்டில் போட்டுக் காட்டும் வீடியோ நம்ம சேனலில் வருது. பார்ட்னரோட சேர்ந்து பாருங்க!

(இது பொதுவான புரிதலுக்காக மட்டும். உங்க ஒப்பந்தத்துக்கும் வரிக்கும் உங்க ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.)